கிட்டாருக்குள்ளே காலி இடம்: தோளுக்கு லாபம்... டோனுக்கு?

ஆடி பிறந்தால் போதும். சேலம் கோட்டை மாரியம்மனில் தொடங்கி நாமக்கல் பக்கத்துக் கிராமங்கள் வரை பண்டிகை களைகட்டும். பண்டிகை என்றால் ராத்திரி மேடையில் இன்னிசைக் கச்சேரி கட்டாயம். கச்சேரி ஆரம்பித்தால் மூணு மணி நேரத்துக்குக் குறைந்து முடியாது. கீபோர்டுக்காரருக்கு ஸ்டாண்ட் இருக்கிறது. டிரம்மருக்கு ஸ்டூல் இருக்கிறது. கிட்டாரிஸ்ட்டுக்கு? அவருடைய தோள்தான் ஸ்டாண்ட்!

கொஞ்சம் கனமான ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் 4.5 கிலோ வரை வரும். நாமக்கல் கணக்கில் சொன்னால், 30 முட்டை அடுக்கிய ட்ரே மூன்று. அதை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நள்ளிரவு வரை நிற்பதை யோசித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்பவே முடியாது.

அதனால்தான் புது கிட்டார் வாங்கப்போகும் பலருடைய கண்ணும் 'சேம்பர்டு பாடி', 'வெயிட் ரிலீஃப்' என்ற வார்த்தைகள் மேல் நிற்கிறது. உள்ளே மரத்தைக் குடைந்து எடையைக் குறைத்த கிட்டார்கள் இவை. விளம்பரங்கள் இதோடு நிற்பதில்லை. 'டோன் செமையா திறந்துக்கும்', 'ஏர் கூடும்' என்றும் சொல்லும். அதே கிட்டாரைப் பார்த்து, 'குடைஞ்ச மரத்துல என்னப்பா சஸ்டெய்ன் வரும்?' என்று கேட்கும் சீனியர்களும் உண்டு. இதில் யார் சொல்வது சரி?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். எடை குறைவது நிஜம். ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கேட்கும் டோனில் மாற்றம் பெரும்பாலும் ரொம்பக் கொஞ்சம். ஆனால், குடைந்த அறை வெளிக்காற்றோடு சேரும்படி திறந்திருந்தால் கதை வேறு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எத்தனை வகை இருக்கு?

வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஐந்து வகை.

* சாலிட் பாடி: முழு மரம். பிக்கப், ஒயரிங் உட்காரும் பள்ளங்கள் மட்டும்தான் காலி.
* வெயிட் ரிலீஃப்: முழு மரத்தில் ஆங்காங்கே துளை போட்டு, மேலே இன்னொரு பலகை ஒட்டி மூடியது. வெளியே எதுவும் தெரியாது.
* சேம்பர்டு: துளைகளுக்குப் பதில் பெரிய பெரிய அறைகள். இதுவும் பெரும்பாலும் மூடியேதான் இருக்கும்.
* செமி ஹாலோ: நடுவில் ஒரு மரக்கட்டை, இரண்டு பக்கமும் காலி. மேலே வயலினில் இருப்பதுபோல 'எஃப் ஹோல்' திறந்திருக்கும். 1958-ல் வந்த கிப்சன் இஎஸ்-335 இதற்குப் பிரபலமான உதாரணம்.
* ஹாலோ பாடி: உள்ளே முழுக்கக் காலி. பழைய ஜாஸ் கிட்டார்கள் இந்த ரகம்.

கடைகளில் இந்தப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்வார்கள். அதனால் பெயரைக் கேட்காதீர்கள். 'உள்ளே எவ்வளவு காலி, அது வெளியே திறந்திருக்கா, மூடியிருக்கா?' என்று கேளுங்கள். விஷயமே இந்த இரண்டு கேள்வியில்தான் இருக்கிறது.

எத்தனை கிராம் குறையும்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். கிட்டாருக்குப் பயன்படும் மஹாகனி மரம் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.6 கிராம். 4 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு வட்டத் துளை போட்டால் 50 கன சென்டிமீட்டர் மரம் போகும். அதாவது 30 கிராம். இப்படி ஒன்பது துளை போட்டால் 270 கிராம் மிச்சம்.

அதுவே 20 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம், 3 ஆழத்தில் இரண்டு அறைகளாகக் குடைந்தால் 960 கன சென்டிமீட்டர் போய்விடும். எடையில் சுமார் 575 கிராம். பதினொரு முட்டை எடை! 4.5 கிலோ கிட்டார் 3.9 கிலோவாகிவிடும். கேட்க சின்ன எண்தான். மூணு மணி நேரம் மாட்டிக்கொண்டு நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே மர இனத்திலும் ஒரு கட்டை கனமாக இருக்கும், இன்னொரு கட்டை லேசாக இருக்கும். அதனால் குடைந்த கிட்டார் எல்லாம் லேசு என்றும் இல்லை, முழு மரம் எல்லாம் கனம் என்றும் இல்லை. தராசு சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு.

குடைஞ்சா பலம் போயிடாதா?

நாமக்கல்லில் 'பாடி' என்றாலே முதலில் ஞாபகம் வருவது லாரி பாடிதான். அங்கே ஒரு பட்டறைக்குப் போனால் இதற்கு விடை கிடைக்கும். இருபது டன்னுக்கு மேல் சுமக்கும் லாரியின் சேஸிஸைப் பாருங்கள். அது கெட்டியான இரும்புப் பாளம் கிடையாது. ஒரு பக்கம் திறந்த பெட்டிபோல மடித்த தகடு. நடுவில் காலி.

காரணம் எளிது. ஒரு பொருள் வளையும்போது அதிக அழுத்தமும் இழுப்பும் அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான் விழுகின்றன. நடுவில் இருப்பது பெரிதாக எதையும் தாங்குவதில்லை. மூங்கில் உள்ளே காலியாக இருந்தும் நிமிர்ந்து நிற்பதற்கும் இதுதான் காரணம். கிட்டாரிலும் அப்படியே. ஓரமும் மேல்பலகையும் கெட்டியாக இருந்தால், நடு மரத்தை எடுத்தாலும் விறைப்பு அவ்வளவாகக் குறையாது.

இரண்டு இடத்தில் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒன்று, கழுத்து வந்து சேரும் இடம். இன்னொன்று, பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் மரம். ஆறு கம்பிகளின் இழுப்பும் அங்கேதான் வந்து இறங்குகிறது. நல்ல கம்பெனிகள் குடையும்போது இந்த இரண்டு இடத்தையும் முழு மரமாகவே விட்டுவிடும்.

வீணை வேற, இது வேற

'தஞ்சாவூர் வீணையில பலா மரத்தைக் குடைஞ்சுதானே குடம் செய்யறாங்க? அதனால்தானே அந்த நாதம்? கிட்டாரையும் குடைஞ்சா அதே மாதிரி நாதம் வராதா?' நியாயமான கேள்வி. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த வீணையில் நீங்கள் கேட்பது முக்கியமாகக் கம்பியின் சத்தத்தை அல்ல. கம்பியின் அதிர்வு குதிரை வழியாக மேல்பலகைக்குப் போய், பலகையும் குடத்துக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்வதைத்தான் கேட்கிறீர்கள். குடம் இல்லாவிட்டால் வீணைக்குக் குரலே இல்லை.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கேட்பது பிக்கப். அது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். மேலே ஸ்டீல் கம்பி அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதுதான் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. காற்றில் வரும் சத்தத்தைப் பிடிக்க பிக்கப் ஒன்றும் மைக் இல்லை. குடைந்த அறைக்குள் காற்று என்ன பாடினாலும் அதன் காதில் நேரடியாக விழாது.

அப்போ பாடிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் மறைமுகமாக. கம்பி அதிரும்போது அதன் சக்தியில் கொஞ்சம் பிரிட்ஜ் வழியாகவும் கழுத்து வழியாகவும் மரத்துக்குள் இறங்கும். எந்த ஸ்வரத்தில் எவ்வளவு இறங்குகிறதோ, அந்த அளவுக்குக் கம்பி சீக்கிரம் அடங்கும். குடைந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம். ஆனால், சில ஃப்ரெட்டில் மட்டும் ஸ்வரம் சட்டென்று செத்துப்போகும் 'டெட் ஸ்பாட்' பிரச்னைக்குப் பெரும்பாலும் காரணம் பாடி இல்லை, கழுத்து. நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் அதுதான் அதிகம் ஆடும்.

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ், குடம்போல உப்பிய பழைய மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்னாடக இசையை வாசித்தார். கமகம் இழுக்க ஸ்வரம் நீண்டு நிற்க வேண்டும். சாதாரண மாண்டலினில் தட்டியவுடனே சத்தம் அடங்கிவிடும். காலி வயிறு சத்தத்தைச் சீக்கிரம் வெளியே கொடுக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். கெட்டியான பாடியில் சக்தி கம்பியிலேயே தங்கும், பெருக்கிக் கொடுக்கும் வேலையை மின்சாரம் பார்த்துக்கொள்ளும்.

கடத்தின் வாய் மாதிரி

திறந்த அறைக்கும் மூடிய அறைக்கும் வித்தியாசம் புரிய ஒரு மானாமதுரை கடம் போதும். கடம் வாசிப்பவர் அதன் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாய் திறந்திருந்தால் 'கும்' என்று அடி சத்தம் வரும். வயிற்றோடு அடைத்தால் அந்தக் கும்மென்ற ஒலி மாறிவிடும். பானை அதே பானைதான். உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றோடு பேச வழி இருக்கிறதா, இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

மூடிய சேம்பர்டு கிட்டார், வாய் அடைத்த கடம். எஃப் ஹோல் வைத்த கிட்டார், வாய் திறந்த கடம். உள்ளே இருந்து சத்தம் வெளியே போவதுபோல, வெளியே இருந்தும் சத்தம் உள்ளே போகும். பிரச்னை ஆரம்பிப்பது அங்கேதான். பண்டிகை மேடையில் பின்னால் ஆள் உயரத்துக்கு பாக்ஸ் அடுக்கியிருப்பார்கள். அந்தச் சத்தம் பாடியை அசைக்கும். பாடி கம்பியை அசைக்கும். பிக்கப் அதைத் திரும்ப பாக்ஸுக்கு அனுப்பும். ஒரு சுற்று, இரண்டு சுற்று... 'ஊஊஊ' என்று ஊளை கிளம்பிவிடும். இதுதான் ஃபீட்பேக்.

புளூஸ் மேதை பி.பி.கிங் தன் செமி ஹாலோ கிட்டாருக்குள் துணியைத் திணித்து இதை அடக்கினார். 1980-ல் கிப்சன் அவர் பெயரில் 'லூசில்' மாடலைச் செய்தபோது எஃப் ஹோலையே எடுத்துவிட்டது. வாயை அடைத்தார்கள், பிரச்னை குறைந்தது. அவ்வளவுதான்.

காத்தை விரட்டி, திரும்பக் கூப்பிட்ட கதை

வேடிக்கை என்னவென்றால், சாலிட் பாடி கிட்டார் பிறந்ததே காலி இடத்தை ஒழிப்பதற்காகத்தான். 1940 வாக்கில் லெஸ் பால் என்ற அமெரிக்க இசைக்கலைஞர், ஒரு கெட்டியான மரக்கட்டையில் கம்பியும் பிக்கப்பும் மாட்டினார். பார்க்க கிட்டார் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும், ஒரு ஹாலோ கிட்டாரை அறுத்து இரண்டு பக்கமும் ஒட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'தி லாக்', அதாவது மரக்கட்டை. 1952-ல் அவர் பெயரிலேயே கிப்சன் லெஸ் பால் வந்தது. சத்தம் பிரமாதம், எடைதான் தலைவலி.

அடுத்த வருடமே, 1953-ல், கிரெட்ச் கம்பெனி டுவோ ஜெட்டை இறக்கியது. பார்க்க சாலிட், உள்ளே நிறையக் குடைந்தது. ஃபெண்டர் 1968-ல் டெலிகாஸ்டர் தின்லைனைக் கொண்டுவந்தது. லேசான ஆஷ் மரம் கிடைப்பது கஷ்டமானதும், ரோஜர் ராஸ்மைஸல் என்ற வடிவமைப்பாளர் உள்ளே குடைந்து, ஓர் எஃப் ஹோலும் வைத்தார். ஆக, டோனுக்காக அல்ல, தராசுக்காகப் பிறந்த டிசைன் அது.

கிப்சனும் 1980-களில் லெஸ் பாலுக்குள் ஒன்பது துளை போட ஆரம்பித்தது. ரசிகர்கள் அதற்கு 'ஸ்விஸ் சீஸ்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். 2008 ஸ்டாண்டர்டு மாடலில் துளைகள் போய்ப் பெரிய அறைகளே வந்தன. 'இது லெஸ் பாலே இல்லை' என்று ஒரு கூட்டம் கொதித்தது. 2019-ல் அதே கம்பெனி குடையாத முழு மர ஸ்டாண்டர்டைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்தச் சண்டைக்கு வயது அரை நூற்றாண்டு. இன்னும் முடியவில்லை.

அப்போ உண்மையில் எதெல்லாம் மாறும்?

* பிளக் பண்ணாமல் வாசித்தால் சத்தம் கூடும். ஹாஸ்டல் ரூமில் ஆம்ப் இல்லாமல் பிராக்டீஸ் செய்பவர்களுக்கு இது நல்ல விஷயம். ஆனால், கடையில் இந்தச் சத்தத்தைக் கேட்டு 'டோன் சூப்பர்' என்று முடிவு செய்யாதீர்கள். மேடையில் அது வராது.
* கையிலும் நெஞ்சிலும் அதிர்வு தெரியும். வாசிப்பவருக்கு கிட்டார் உயிரோடு இருப்பதுபோலத் தோன்றும். இந்த உணர்வு பொய் இல்லை. அது உங்கள் வாசிப்பையும் மாற்றலாம். ஆனால், கீழே நாற்காலியில் இருப்பவருக்கு அது நேராகக் கேட்பதில்லை.
* ஃபீட்பேக். மூடிய அறை என்றால் சாலிட் பாடியிலிருந்து பெரிய வித்தியாசம் இருக்காது. எஃப் ஹோல் என்றால் டிஸ்டார்ஷன் ஏற்றும்போது கவனம் தேவை.
* பேலன்ஸ். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாடி லேசானால் கழுத்துப் பக்கம் கனத்து, கையை எடுத்தவுடன் கிட்டார் தலை கீழே சரியும். அதை இடது கையால் தாங்கியபடியே வாசித்தால் தோள் வலி போய் மணிக்கட்டு வலி வரும்.

அமெரிக்காவின் நாஷ்வில்லைச் சேர்ந்த ஜிம் லில் என்ற கிட்டாரிஸ்ட் யூடியூபில் செய்த சோதனை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பாடியே இல்லாமல், கழுத்தும் இல்லாமல், காற்றில் கம்பியை இழுத்துக் கட்டி, கீழே பிக்கப்பை வைத்து வாசித்தார். கிட்டத்தட்ட டெலிகாஸ்டர் மாதிரியே கேட்டது! அது ஓர் ஆளின் வீடியோதான், ஆய்வுக்கூட முடிவு இல்லை. ஆனாலும் பிக்கப், அதன் உயரம், கம்பி, ஆம்ப், ஸ்பீக்கர் ஆகியவை டோனில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கின்றன என்பது காதுக்கே புரியும்.

நம்ம ஊர் மரத்தில் செய்தால்?

ஊரில் ஆசாரியிடம் மரம் கொடுத்துச் சொந்தமாக பாடி செய்ய ஆசைப்படுபவர்களுக்குக் குடைவது ரொம்பவே உதவும். ஒரு சாதாரண கிட்டார் பாடிக்கு ஏறத்தாழ 4,200 கன சென்டிமீட்டர் மரம் பிடிக்கும். வெளிநாட்டு ஆல்டர் மரம் என்றால் 1.9 கிலோ. நம்ம தேக்கு என்றால் 2.7 கிலோ. கொல்லிமலைப் பக்கம் கிடைக்கும் பலா 2.5 கிலோ. ஈட்டி மரம் என்றால் 3.5 கிலோவைத் தொடும். கழுத்து, பிரிட்ஜ், பிக்கப் எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றரை கிலோ போட்டுக்கொள்ளுங்கள். ஈட்டி கிட்டார் 5 கிலோ!

1969-ல் பீட்டில்ஸின் மொட்டைமாடிக் கச்சேரியில் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்தது ரோஸ்வுட் டெலிகாஸ்டர். ரோஸ்வுட் என்பது நம்ம ஈட்டி மரக் குடும்பம்தான். பின்னாளில் ஃபெண்டர் அந்த மாடலை மறுபடி செய்தபோது உள்ளே குடைந்துதான் விற்றது. கனமான மரத்தைக் கிட்டாராக்க அதுதான் வழி. தேக்கு பாடியில் நாம் முன்னே பார்த்த இரண்டு அறைகளைக் குடைந்தால் 4.2 கிலோ கிட்டார் 3.6 கிலோவுக்கு இறங்கிவிடும்.

ஆனால் ஒன்று. ஏற்கெனவே கையில் இருக்கும் கிட்டாரைக் கொண்டுபோய்க் குடையாதீர்கள். மேல்பலகையைப் பிரித்து ஒட்டுவதில் விரிசல் விழுந்தால் கிட்டாரே போய்விடும். குடைவதெல்லாம் பலகை ஒட்டுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை.

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

1. எடை போடுங்கள். பெட்டி தூக்கிப் பார்க்கும் லக்கேஜ் தராசு பையில் இருக்கட்டும். 3.2 கிலோவுக்குக் கீழே லேசு. 3.8 வரை நார்மல். 4.2-க்கு மேல் போனால் மூணு மணி நேரக் கச்சேரிக்கு யோசிக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் அந்தக் குறிப்பிட்ட கிட்டாரின் எடையைக் கேளுங்கள்.
2. பதினைந்து நிமிடம் நின்றபடி வாசியுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்தால் எடை தெரியாது.
3. இரண்டு கையையும் விடுங்கள். தலை கீழே சரிந்தால் அது தினமும் உங்களைப் படுத்தும்.
4. ஆம்ப்பில் மாட்டி, சத்தம் கூட்டி, ஸ்பீக்கரைப் பார்த்து நில்லுங்கள். கம்பியைக் கையால் அடைத்தும் ஊளை வந்தால் பண்டிகை மேடைக்கு அது ஒத்துவராது.
5. ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பாருங்கள். டெட் ஸ்பாட் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.
6. ஸ்ட்ராப்புக்குக் காசு ஒதுக்குங்கள். மூன்று இன்ச் அகல ஸ்ட்ராப் பாரத்தைத் தோள் முழுக்கப் பரப்பும். ஏற்கெனவே கனமான கிட்டார் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

டக் டக் கேள்விகள்

*சேம்பர்டு கிட்டாரில் மெட்டல் வாசிக்கலாமா?* மூடிய அறை என்றால் தாராளமாக. எஃப் ஹோல் இருந்தால் ஸ்பீக்கரிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

*சஸ்டெய்ன் குறையுமா?* பாடியைவிட கழுத்தும், பிரிட்ஜ் எவ்வளவு உறுதியாக உட்கார்ந்திருக்கிறது என்பதும், கம்பி எவ்வளவு பழசு என்பதும் அதிகம் முக்கியம். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

*சேம்பர்டுக்குக் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம்?* தோளுக்காகக் கொடுங்கள். டோனுக்காகக் கொடுப்பதாக இருந்தால், அந்தப் பணத்தில் நல்ல பிக்கப் போடுங்கள், இல்லை நல்ல ஆம்ப் வாங்குங்கள். வித்தியாசம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.